ஒன்றுமே தெரியாதபோது முடிவெடுப்பது எப்படி? ஒரு ஏலத்தோட்டக் குத்தகையை வைத்து முழு வழிகாட்டி

போன வருஷம் சித்திரை கடைசியில் என் மச்சினன் கம்பத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "மாமா, கேரளாவில் வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் 4 ஏக்கர் ஏலத்தோட்டம் குத்தகைக்கு வருது, 5 வருஷம், குத்தகையும் பராமரிப்பும் சேர்த்து 12 லட்சம் ஆகும், ரெண்டு நாளில் சொல்லணுமாம், எடுக்கலாமா வேண்டாமா?" என்று கேட்டான். "தெரியலையேப்பா" என்றேன். அவன் முகம் வாடிவிட்டது, ஏதோ மாமா மழுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டான். ஆனால் அன்றைக்கு நான் சொன்னதிலேயே உண்மையான வார்த்தை அதுதான்.

ஏலக்காய் விலையை யார் சொல்ல முடியும்? 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கித் தோட்டங்கள் அழுகி, வரத்து குறைந்து, 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போனது. அதைப் பார்த்துக் காடு மேடு எல்லாம் நட்டார்கள். 2022-இல் கிலோ ஆயிரத்துக்கும் கீழே கிடந்தது. நமக்குப் போட்டியாக ஏலக்காய் விளைவிக்கும் குவாத்தமாலாவில் விளைச்சல் எப்படி, வளைகுடாக்காரர்கள் வாங்குவார்களா, கோடை மழை பெய்யுமா, இதில் ஒன்றுகூட நம் கையில் இல்லை. "60 சதவீதம் லாபம் வரும்" என்று ஒருவர் சொன்னால் அந்த 60 எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேளுங்கள், பேச்சு நின்றுவிடும்.

நானும் ஒரு தடவை அப்படி ஒரு சதவீதத்தை நம்பினவன்தான். 2019 கடைசியில், விலை உச்சத்தைப் பார்த்த சூட்டில், மேலே 2 ஏக்கர் எடுத்தேன், ஒழுங்கான பத்திரம்கூட இல்லாமல். 2020 மார்ச்சில் ஊரடங்கு. கேரள எல்லையில் கம்பம்மெட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியவில்லை, கோடையில் செடிக்குத் தண்ணீர் விட ஆள் போக முடியவில்லை. அந்தக் கதையை முழுசாகச் சொன்னால் இன்னொரு கட்டுரை ஆகிவிடும். அதற்கப்புறம்தான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படித்தேன். மச்சினனுக்கு அந்த இரண்டு நாளில் என்ன செய்தோமோ அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். தொகைகள் எல்லாம் கணக்குக்காக உருட்டி எழுதியவை. உங்களுக்கு ஏலக்காய் சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம், வேலையை விடுவதா, வீடு வாங்குவதா, துபாய் போவதா என்று எதுவாக இருந்தாலும் வரிசை இதேதான்.

படி 1: எந்த வகைத் "தெரியாது" என்று பிரியுங்கள்

ஃபிராங்க் நைட் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1921-இலேயே ஒரு கோடு போட்டார். தாயம் உருட்டினால் என்ன விழும் என்று தெரியாது, ஆனால் எத்தனைக்கு எத்தனை என்று தெரியும்; அது ஒரு வகை. எத்தனைக்கு எத்தனை என்பதே தெரியாது என்பது இன்னொரு வகை. முதல் வகைக்கு இன்சூரன்ஸ் கம்பெனி இருக்கிறது, கணக்கு வாத்தியார் இருக்கிறார். இரண்டாவதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

ஆனால் மூன்றாவதாக ஒன்று உண்டு, அதுதான் நம் ஊரில் அதிகம்: விசாரித்தால் தெரிந்துவிடும், விசாரிக்கவில்லை. மச்சினன் "ஒண்ணுமே தெரியல" என்று சொன்னதில் பாதி இந்த வகை. அந்த நிலம் யார் பேரில் இருக்கிறது, ஏலமலைக் காட்டு நிலமா பட்டா நிலமா, பட்டா நிலம் என்றால் மூலப்பத்திரம் எங்கே, கோடையில் ஓடையில் தண்ணீர் நிற்குமா, செடிக்கு எத்தனை வயது, போன வருஷம் அழுகல் வந்ததா. இதற்கெல்லாம் ஜோசியம் தேவையில்லை, குமுளிக்குப் பஸ் டிக்கெட் போதும்.

யாரிடம் கேட்பது என்பதில் ஒரு சூட்சுமம். தோட்டக்காரரிடம் கேட்டால் நல்லதாகச் சொல்வார், தரகர் அதைவிட நல்லதாகச் சொல்வார். நாங்கள் விடியற்காலையில் ஆள் ஏற்றிக்கொண்டு மேலே போகும் ஜீப்பு டிரைவர் ஒருவரைப் பிடித்தோம். "அந்தத் தோட்டத்துக்கு ஆள் கேட்டா வருவாங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, "வருவாங்க, ஆனா மேல் பக்கச் சரிவு இருக்குல்ல, அங்க காய் எடுக்கப் பாதிப் பேர் வர மாட்டாங்க, அட்டை ஜாஸ்தி, நிக்க முடியாது" என்றார். 4 ஏக்கரில் ஒரு ஏக்கர் அந்தச் சரிவு. எந்தப் பத்திரத்திலும் இது இருக்காது.

இன்னொரு எச்சரிக்கை. போடி, கம்பம் டீக்கடையில் ஏலத்தோட்டம் எடுத்துச் சம்பாதித்தவர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். எடுத்து நொடித்துப்போனவர்கள் அங்கே இல்லை, திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். ஆபிரகாம் வால்டு என்று ஒரு கணிதமேதை, இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க விமானங்களுக்கு எங்கே கவசம் போடலாம் என்ற கேள்வியில் இதே விஷயத்தைப் பிடித்தார். திரும்பி வந்த விமானங்களில் குண்டு துளைத்த இடத்தை எல்லாரும் பார்க்கிறார்கள். துளை இல்லாத இடத்தில் அடிபட்டவை திரும்பியே வரவில்லை. ஆகவே நொடித்தவர் ஒருவரையாவது தேடிப் பிடித்துப் பேசாமல் முடிவுக்குப் போகாதீர்கள். ஒரு போன் கால்தான்.

படி 2: "எடுக்கலாமா வேண்டாமா" என்ற கேள்வியைக் கிழித்துப் போடுங்கள்

இரண்டே வழி இருக்கிற மாதிரி கேள்வி வந்தால் அது யாரோ நமக்காகச் சுருக்கிய கேள்வி, பெரும்பாலும் தரகர் சுருக்கியது. நாங்கள் ஒரு அரைக் குயர் நோட்டில் எழுத எழுத ஐந்தாறு வழி வந்தது. முழுசாக எடுப்பது. அடுத்த தெரு அண்ணன் ஒருவரோடு பாதிப் பாதி. ஒரு வருஷம் மட்டும் எடுத்துப் பார்த்து, பிடித்தால் நீட்டிக்கும்படி எழுதிக்கொள்வது. குத்தகைக்குப் பதிலாக விளைச்சலில் பங்கு. எடுக்காமல் பணத்தை வங்கியில் போடுவது. கீழேயே திராட்சைக்குப் பந்தல் போடுவது. இதில் சிலதுக்குத் தோட்டக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார், அது அவர் பாடு. கேட்காமலே நாமே அடித்துவிடக் கூடாது.

"ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால்" என்று நம்மவர்கள் பாதி முடிவைத் திட்டுவார்கள். ஆழம் தெரிந்த ஆறு என்றால் அந்தத் திட்டு சரி. ஆழமே தெரியாதபோது ஒரு காலைச் சேற்றில் வைத்திருப்பவனைத் திட்டக் கூடாது.

படி 3: என்னென்ன நடக்கலாம்? பின்னாலிருந்து யோசியுங்கள்

"என்ன ஆபத்து வரும்?" என்று கேட்டால் எல்லாரும் விலை, மழை என்று இரண்டு சொல்லி நிறுத்திவிடுவார்கள். அதனால் கேள்வியை மாற்றினேன். மூன்று வருஷம் கழித்து இது நாசமாகிப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், எதனால் போச்சு, கதை சொல்லுங்கள். வீட்டில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன், சேர்ந்து உட்கார்ந்தால் மூத்தவர் சொல்வதையே எல்லாரும் சொல்வார்கள். மாமியார் சொன்னது: "கூட்டுக்காரனோட சண்டை வந்திருக்கும்." மச்சினன் பெண்டாட்டி சொன்னது: "இவர் முதுகு வலின்னு போகாம இருந்திருப்பார்." விலை, மழையைவிட இந்த இரண்டும்தான் நடக்க வாய்ப்பு அதிகம் என்று எனக்குப் பட்டது, அதை மச்சினனிடம் சொல்லவில்லை.

பட்டியல் எவ்வளவு நீளமாக எழுதினாலும் கடைசியில் ஒரு வரியைக் காலியாக விடுங்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் குமுளி, கம்பம்மெட்டு வழி அடைபட்டு, மேலே வேலைக்குப் போன நம் ஆட்கள் அலறியடித்துக் கொண்டு இறங்கி வந்தார்கள். 2018-இல் வெள்ளம். 2020-இல் ஊரடங்கு. இந்த மூன்றும் அதற்கு முந்தைய வருஷம் எவர் பட்டியலிலும் இருந்திருக்காது. பத்து வருஷத்துக்குள் மூன்று என்றால், 5 வருஷக் குத்தகையில் பெயர் தெரியாத ஒன்று வரும் என்றே வைத்துக்கொள்ளலாம். என்ன வரும் என்று தெரியாவிட்டாலும், வந்தால் ஆறு மாதம் வருமானம் இல்லாமல் தாக்குப்பிடிப்போமா என்று கேட்க முடியும். காலி வரியின் வேலை அதுதான்.

படி 4: கணக்கு போடுவதற்கு முன் அழிவுக் கோடு

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள், நான் 2019-இல் குதித்தது இங்கேதான்.

நஷ்டம் வேறு, அழிவு வேறு. 3 லட்சம் போனால் இரண்டு வருஷம் கஷ்டப்பட்டு எழுந்துவிடலாம். வீட்டுப் பத்திரம் போனால், மகளின் காலேஜ் ஃபீஸ் கட்ட முடியாமல் போனால், எழுந்து மறுபடி ஆடுவதற்கே ஆள் இருக்காது. அதனால் எந்தத் தொகைக்கு மேல் போனால் குடும்பம் எழ முடியாது என்று ஒரு எண்ணை எழுதுங்கள். மச்சினனுக்கு அது 12 லட்சம், கைக்காசு முழுக்கப் போனாலும் வீடு இருக்கிறது, அவன் பெண்டாட்டி டீச்சர் வேலையில் இருக்கிறாள். ஆனால் அதற்கு மேல் ஒரு ரூபாய் கடன் என்றாலும் கோட்டைத் தாண்டிவிடும். மோசமான நிலையில் இந்தக் கோட்டைத் தாண்டக்கூடிய வழி எதுவானாலும், மேலே எத்தனை லட்சம் காட்டினாலும், அடித்துவிடுங்கள். நகையை அடகு வைத்துத் திராட்சைப் பந்தல் போடுவது அங்கேயே அடிபட்டது.

படி 5: கட்டம் போடுங்கள், நான்கு பேரிடம் யோசனை கேளுங்கள்

மிச்சமிருந்ததில் மூன்று வழி, மூன்று நிலை என்று சுருக்கினோம். 5 வருஷம் கழித்துக் கையில் கூடுவது அல்லது குறைவது, லட்சத்தில்:

முழுசாக 4 ஏக்கர்: நல்ல காலம் என்றால் +20, சுமார் என்றால் +6, மோசம் என்றால் −12.
கூட்டாகப் பாதி, மீதி வங்கியில்: +12, +5, −4.
மொத்தமும் வங்கியில்: எப்படியானாலும் +4.

இப்போது இந்தக் கட்டத்தை வைத்து முடிவு சொல்லப் படித்தவர்கள் நான்கு விதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் ஒரு ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள், சுலபமாக இருக்கும்.

முதல் ஆள் நாம் மேலே பார்த்த அதே வால்டு. ஒவ்வொரு வழியிலும் படுமோசம் என்ன என்று பார், அதில் எது பரவாயில்லையோ அதை எடு. −12, −4, +4 என்றால் வங்கிதான். இயற்கை நம்மைக் கெடுப்பதற்கென்றே காய் நகர்த்துகிறது என்று வைத்துக்கொள்கிற புத்தி இது. இதில் ஒரு சோகம், இந்த மனிதர் 1950 டிசம்பர் 13 அன்று நம் நாட்டில் சொற்பொழிவாற்ற வந்த இடத்தில், மனைவியோடு, நீலகிரி மலையில் விமானம் மோதி இறந்தார். போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் பனி இறங்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

இரண்டாவது ஆள் லியோனிட் ஹர்விக்ஸ், 2007-இல் பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கியவர். படுமோசத்தை மட்டும் ஏன் பார்க்கிறாய், உன் நம்பிக்கை எவ்வளவு என்று 0-க்கும் 1-க்கும் நடுவில் ஒரு எண் சொல், நல்லதுக்கு அந்தப் பங்கு, கெட்டதுக்கு மிச்சப் பங்கு கொடு என்கிறார். மச்சினன் 0.6 என்றான்: முழுசாக எடுத்தால் 20-இல் 0.6 பங்கு 12, அதிலிருந்து 12-இல் 0.4 பங்கான 4.8 போக 7.2, பாதி என்றால் 5.6, வங்கி 4. அவன் பெண்டாட்டி 0.4 என்றாள்: 0.8, 2.4, 4. ஒரே கட்டம், அவன் கணக்குக்கு முழுத் தோட்டம், அவள் கணக்குக்கு வங்கி. சரியாக 0.5-இல் மூன்றும் சமம். ஆக வீட்டில் அந்த இரண்டு நாளும் நடந்த சண்டை ஏலக்காயைப் பற்றியதே இல்லை, அந்த 0.6-க்கும் 0.4-க்கும் இடையில் நடந்தது. இது தெரிந்ததுமே பாதிச் சத்தம் அடங்கிவிட்டது.

மூன்றாவது லாப்லாஸ், பழைய பிரெஞ்சுக் கணிதமேதை. எது நடக்கும் என்று தெரியாதா, எல்லாவற்றுக்கும் சமப் பங்கு கொடுத்துவிடு. முழுசு: 20, 6, −12 கூட்டினால் 14, மூன்றால் வகுத்தால் 4.67. பாதி 4.33. வங்கி 4. அப்போது முழுசு. நியாயமாகத்தான் தெரிகிறது, ஆனால் ஒரு குழி இருக்கிறது. "மோசம்" என்ற ஒரே நிலையை "விலை சரிவு", "அழுகல் நோய்" என்று இரண்டாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். இப்போது நிலை நான்கு. முழுசு 20, 6, −12, −12, கூட்டினால் 2, சராசரி 0.5. பாதி 2.25. வங்கி 4. தோட்டத்தில் ஒன்றும் மாறவில்லை, நோட்டில் ஒரு கோடு கூட இழுத்தோம், முடிவு தலைகீழ். சமப் பங்கு கொடுக்கிறவர்கள் கட்டத்தை யார் எப்படிப் பிரித்தார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

நான்காவது லெனார்டு சாவேஜ் என்ற புள்ளியியல் அறிஞர், 1951-இல் வைத்த யோசனை, வருத்தக் கணக்கு. ஒவ்வொரு நிலையிலும் சிறந்ததை எடுக்காமல் போனதற்கு எவ்வளவு வயிறெரியும் என்று பார். நல்ல காலம் வந்து வங்கியில் போட்டிருந்தால் 20-க்கு 4, வருத்தம் 16. மோசம் வந்து முழுசாக எடுத்திருந்தால், வங்கியில் 4 கிடைத்திருக்கும் இடத்தில் −12, அதுவும் 16. பாதி எடுத்தவனுக்கு எந்தப் பக்கம் போனாலும் வருத்தம் 8-க்கு மேல் இல்லை. ஆகவே பாதி. நம் ஊர் மனசுக்கு மிக நெருக்கமான விதி இதுதான், "அன்னைக்கே எடுத்திருக்கலாமே" என்று வாழ்நாள் முழுக்கச் சொல்கிற சித்தப்பா எல்லார் வீட்டிலும் உண்டே.

இதிலும் குழி உண்டு, இதைத் தரகர்கள் படிக்காமலே தெரிந்து வைத்திருக்கிறார்கள். தரகர் வந்து, "4 என்ன 4, பக்கத்துத் தோட்டத்தையும் சேர்த்து 8 ஏக்கராகக் கடன் வாங்கி எடுங்க" என்கிறார் என்று வையுங்கள்: நல்ல காலம் +40, சுமார் +8, மோசம் −30. அதை யாரும் எடுக்கப் போவதில்லை. ஆனால் கட்டத்தில் அந்த வரி நுழைந்ததுமே, நல்ல காலத்து உச்சம் 40 ஆகிவிட்டது; பாதிக்கு வருத்தம் 28, முழுசுக்கு 20, வங்கிக்கு 36, அந்த எட்டுக்கே 34. குறைந்த வருத்தம் இப்போது முழு 4 ஏக்கர்! எடுக்கவே போகாத ஒன்றைச் சொல்லி நம்மைப் பாதியிலிருந்து முழுசுக்குத் தள்ளிவிட்டார். துணிக்கடையில் முதலில் 30,000 ரூபாய்ப் பட்டுப் புடவையை எடுத்துப் போட்டுக் காட்டுவதும் இதே வித்தைதான். அழிவுக் கோட்டைப் படி 4-இல் முதலில் போடச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம், கோட்டைத் தாண்டியது கட்டத்துக்குள்ளேயே வரக் கூடாது.

எல்லாக் குழியும் இல்லாத ஐந்தாவது விதி ஒன்று இருக்குமே என்றால், இல்லை. ஜான் மில்னர் என்ற கணித அறிஞர் 1954-இல், ஒரு நல்ல விதிக்கு இருக்க வேண்டிய நியாயமான குணங்கள் எல்லாவற்றையும் ஒரே விதி வைத்திருக்க முடியாது என்று நிரூபித்துவிட்டார். தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

படி 6: எந்த ஆளின் பேச்சைக் கேட்பது?

இங்கே நான் படித்த நூல்கள் நின்றுவிடுகின்றன, இனி வருவது என் அபிப்பிராயம்தான். ஒரே தடவை, திரும்பப் பெற முடியாது, விழுந்தால் பலத்த அடி என்றால் வால்டு. அடிக்கடி வருகிற சின்ன முடிவு, ஒவ்வொரு காய் எடுப்பிலும் இன்றைக்கு விற்பதா அடுத்த வாரமா என்கிற மாதிரி என்றால் லாப்லாஸ், ஒன்றில் போனது இன்னொன்றில் வரும். குடும்பத்தில் பல பேருக்குப் பதில் சொல்ல வேண்டிய முடிவு என்றால் சாவேஜ், ஏனென்றால் பிற்பாடு வரப்போவது அந்த வருத்தப் பேச்சுதான். ஹர்விக்ஸை முடிவெடுக்கப் பயன்படுத்துவதில்லை, யார் எந்த எண்ணில் நிற்கிறார்கள் என்று கண்டுபிடிக்க மட்டும்.

அப்புறம், தெரியாததன் மேல் நமக்கு இருக்கும் சும்மா ஒரு வெறுப்பையும் கவனிக்க வேண்டும். வீட்டில் இரண்டு சொம்பு வைத்துப் பார்த்தேன். ஒன்றில் 50 சிவப்பு, 50 கறுப்பு மணி. இன்னொன்றில் 100 மணி, எது எத்தனை என்று சொல்லவில்லை. சிவப்பு வந்தால் 100 ரூபாய் என்றேன், எல்லாரும் முதல் சொம்பு. சரி, கறுப்பு வந்தால் 100 ரூபாய் என்றேன், மறுபடியும் முதல் சொம்பு. இரண்டாவது சொம்பில் சிவப்பும் குறைவு, கறுப்பும் குறைவு என்று எப்படி நினைக்க முடியும்? டேனியல் எல்ஸ்பர்க் என்ற பொருளாதார அறிஞர் 1961-இல் எழுதிக் காட்டியது இதைத்தான். பாதுகாப்பு என்று நினைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோமா, பழகியது என்பதால் மட்டும் தேர்ந்தெடுக்கிறோமா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 7: கதவைத் திறந்து வைக்க எவ்வளவு கொடுக்கலாம்?

எதிர்காலம் தெரியாதபோது அதைக் கணிக்கச் செலவழிப்பதைவிட, பின்னால் மனம் மாற்றிக்கொள்ளும் உரிமைக்குச் செலவழிப்பது லாபம். நாங்கள் தோட்டக்காரரிடம் கேட்டது: குத்தகையை வருஷத்துக்கு வருஷம் கட்டுகிறோம், முதல் வருஷ முடிவில் மூன்று மாத முன்னறிவிப்பில் விட்டுப்போகும் உரிமை வேண்டும், அதற்காக முதல் வருஷம் கொஞ்சம் கூடுதலாகத் தருகிறோம். அவர் மலையாளம் கலந்த தமிழில், "அது பற்றில்லா (முடியாது), ஆனா ரெண்டாம் வருஷக் கடைசின்னா சரி" என்றார். அந்த ஒரு வரிக்கு ஆன கூடுதல் பணத்தை மச்சினன் தண்டச் செலவு என்கிறான். இப்படிக் கொடுத்திருந்தால் 2020-இல் நான் எவ்வளவு மிச்சம் பிடித்திருப்பேன் என்று அவனுக்குச் சொல்லிக் காட்டினேன், அதோடு அந்தப் பேச்சை விட்டான்.

காய் விற்பதிலும் இதே யோசனைதான். உலர்த்தி எடுத்த காயை ஒரே ஏலத்தில் கொட்டாமல் மூன்றாகப் பிரித்து, கடன் அடைக்கத் தேவையானதை உடனே, இன்னொன்றைச் சில வாரம் கழித்து, மிச்சத்தை விலை பார்த்து. உச்ச விலைக்கு மொத்தத்தையும் விற்றேன் என்று பெருமை பேச முடியாது, அடிமாட்டு விலைக்கு மொத்தத்தையும் விற்றேன் என்று புலம்பவும் வேண்டியதில்லை. ரொம்ப நாள் வைத்தால் பச்சை நிறம் மங்கும், அதற்கு விலை குறையும், ஆகக் காத்திருப்பதற்கும் வாடகை உண்டு என்பதை மறக்கக் கூடாது.

படி 8: எப்போது விலகுவது என்று இப்போதே எழுதுங்கள்

உள்ளே போனபிறகு புத்தி வேறு மாதிரி வேலை செய்யும். போட்ட பணம் கண்ணை மறைக்கும், "இன்னும் ஒரே ஒரு எடுப்பு" என்று சொல்ல வைக்கும். அதனால் சூடு இல்லாத நேரத்தில் நிறுத்தக் குறிகளை எழுதி, நாமும் வீட்டில் இன்னொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். குறி தெளிவாக இருக்கட்டும், "நிலைமை சரியில்லை என்றால்" என்று எழுதினால் நிலைமை எப்போதுமே சரியாகத்தான் தெரியும்.

அதே பக்கத்தில் தேதி போட்டு, அன்றைக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன தெரியாது, எதனால் இந்த வழி என்று ஐந்து வரி. முடிவு நல்லதா என்பதைப் பிற்பாடு வந்த பலனை வைத்து மட்டும் அளந்தால், 2019 தொடக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தவன் மேதை, கணக்குப் பார்த்து எடுக்காதவன் மடையன் என்று ஆகிவிடும். எழுதி வைத்த பக்கம் இருந்தால்தான் அதிர்ஷ்டத்தையும் யோசனையையும் பிரித்துப் பார்க்க முடியும். என் 2019 முடிவுக்கு அப்படி ஒரு பக்கம் கிடையாது, அதனால் இன்றைக்கும் எனக்கும் என் மனைவிக்கும் யார் "எடுக்கலாம்" என்று முதலில் சொன்னது என்பதில் ஒத்துப்போகவில்லை.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு வழி சமமாக நின்றால் பூவா தலையா போட்டுவிடுங்கள், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரண்டும் சமம் என்றால் இன்னும் ஒரு மாதம் யோசிப்பதில் ஒன்றும் கூடப்போவதில்லை, தோட்டம் வேறு ஆளுக்குப் போய்விடும், அவ்வளவுதான்.

மச்சினன் பாதி எடுத்தான், அந்த அட்டைச் சரிவு இல்லாத பக்கமாக, அடுத்த தெரு அண்ணனோடு கூட்டு. மாமியார் சொன்னதற்காகக் கூட்டு ஒப்பந்தத்தையும் பத்திரத்தில் எழுதிக்கொண்டார்கள். நோட்டு எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் அவன் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "ரெண்டாம் வருஷம் பங்குனி 15-க்குள்ள பாக்கணும். அதுக்குள்ள போட்டதுல 4 லட்சத்துக்கு மேல போயிருந்தாலோ, வாரத்துல மூணு நாளாவது ஆள் கிடைக்கலைன்னாலோ, யார் என்ன சொன்னாலும் விடணும். முதுகு வலி வந்தா மாமாகிட்ட சொல்லணும்." கடைசி வரி மட்டும் அவன் பெண்டாட்டி எழுதியது.